சின்ன முக்கோணம்

பெண்ணென்றால் வட்டம். ஆணென்றால் சதுரம்.
இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு.
புற்று கண்டவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும்.
குரிட்டிபா மருத்துவமனை, ஐந்தாம் மாடி.
மரபியல் ஆலோசகர் தாளை என் பக்கம் திருப்பினார்:
"நீங்களே வரையுங்கள், ஜெனில்டா.
பெயர்கள் உங்களுக்குத்தானே தெரியும்."

அம்மா: கறுப்பு, சாய்கோடு. மார்பு. முப்பத்தெட்டு வயது.
அம்மாவின் தம்பி எவரால்டோ: கறுப்பு.
அவர் மகன், இன்னும் பேச்சு வராதவன்,
சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும்
ஒரு துளிச் சுரப்பியில்.
பென்சில் மழுங்கியது. சீவித் தந்தார்.

"எங்கிருந்து வந்தது இது?"
தெற்கு மேய்ச்சல் நிலங்களிலிருந்து
கோவேறு கழுதைகளை ஓட்டிப்போன பழைய ஆட்களில்
எவனோ ஒருவன் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள்.
உப்பு மூட்டை, உலர்ந்த இறைச்சி, கூடவே இது.
சுங்கச் சாவடியில் இதற்கு யாரும் வரி கேட்டிருக்க மாட்டார்கள்.

அம்மா சுண்டிய காசு
எனக்குப் பூ விழுந்துவிட்டது.
அண்ணன் அடெல்மோ சுண்டவே விடமாட்டேன் என்கிறான்.
"புகையிலை நட்டவன் புகைக்காமல் இருப்பானா?"
கொதிக்கக் கொதிக்க மாத்தே உறிஞ்சுகிறான், வெள்ளிக் குழலில்.
தொண்டைக்கு ஆகாதாம், சொன்னேன்.
ஆறிய மாத்தே நோயாளிகளுக்கு என்றான்.

இருந்தால் வரும் என்று ஆலோசகர் சொல்லவில்லை.
வரலாம் என்றார். வராமலும் போகலாம்.
புகை அதற்குக் கைகொடுக்கும் என்றார்.
வருடம் தவறாமல் வந்து காட்டச் சொன்னார்.

பிறகு அண்ணி.
இவோனெட்டி எங்கள் ரத்தமில்லை, வட்டம் வெள்ளை,
தாண்டிப் போகப் பார்த்தேன்.
"குழந்தைகள்?"
"இல்லை."
"தரிக்கவே இல்லையா?"

ஜனவரி. விடிகாலை ஈரம் உலராத இலை.
ஒடித்து அக்குளில் இடுக்கி வரிசை முடிய நடப்பாள்.
சட்டை ஊறி, தோல் வழியே நிக்கோட்டின் இறங்கி,
உச்சிவேளையில் வாந்தி.
முதல் தடவை இலைதான் என்று நினைத்தோம்.
மசக்கையும்தான்.
இரண்டாம் தடவை, பூச்சிமருந்து அடித்த வாரம்.
உதிரம் நின்ற மூன்றாம் இரவே
சூளையில் நெருப்பு தணியாமல் பார்க்கக் கண்விழித்தாள்.
நாங்கள் யாரும் போகாதே என்று சொல்லவில்லை.

"எதனால் என்று சொல்ல முடியுமா?"
"இத்தனை காலம் கழித்து முடியாது.
இலையோ, மருந்தோ, உடம்பின் அலுப்போ.
ஒன்றுமே இல்லாமலும் நடக்கும்."

சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே
கோடு இறக்கிக் காட்டினார்:
சின்ன முக்கோணம். பக்கத்தில் இன்னொன்று.
பிறக்காதவர்களுக்கு அதுதான் குறியாம்.

சாயங்காலம் சமையல் மேசையில் தாளை விரித்தேன்.
இவோனெட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
பிசின் கறை போகாத விரலால்
முக்கோணங்களைத் தொட்டுப் பார்த்தாள்.
பென்சில் இருக்கிறதா என்று கேட்டாள்.
மூன்றாவதாக ஒன்று வரைந்தாள்.

அடெல்மோ மாத்தேயில் வெந்நீர் ஊற்றியிருந்தான்.
குழல் வாய்க்குப் போகவில்லை.
ஆறட்டும் என்று வைத்தானா, மறந்தானா,
நான் கேட்கவில்லை.