பெறப்பட்டது

முதல் பஸ். ஆறு பத்து.
முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பனியும் எங்களோடு இறங்கியது.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
நான் மடியிலிருந்த உறையைப் பிடித்திருந்தேன்,
ராயப்பன் கம்பியைப் பிடித்திருந்தார்,
ஞானப்பூ எதையும் பிடிக்கவில்லை.
வளைவுக்கு வளைவு என் தோளில் வந்து மோதினாள்.

உறைக்குள் இரண்டு பக்கம்.
நாற்பத்தோரு கையெழுத்து, மூன்று கைரேகை.
எழுபது வந்திருக்கும்.
குருவானவர் மேல் கை நீட்டினால் குலம் விளங்காது என்று
கதவைச் சாத்தியவர்கள் உண்டு.
போட்டுவிட்டு, இரவோடு வந்து
அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.
அடித்த பெயர்களை அப்படியே விட்டேன்.
கோட்டுக்கு அடியிலும் படிக்க முடிகிறது.

நான் தையல்காரி.
எங்கள் கோவில் பீடச்சிறுவர்களின் அங்கி எல்லாம்
என் மிஷினில் தைத்தது.
கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் விட்டே தைப்பேன்;
பிள்ளைகள் வளரும் என்பது ஒன்றுதான்
எனக்குத் தெரிந்த வேதம்.
குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள்
ஞானப்பூ மகனைக் கூட்டி வந்தாள், அங்கி குட்டையாகிவிட்டதென்று.
டேப்பை இடுப்பில் சுற்றப் போனேன்.
சுவரோடு ஒட்டிக்கொண்டான்.
என்னடா, மாப்பிள்ளை மாதிரி வெட்கம் என்றேன்.
சிரித்தேன்.
உதட்டில் குண்டூசி இருந்தது,
பல்லைக் கடித்தபடி சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை
எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய்ச் சொல்வது?
கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
அவர்தானே உட்கார்ந்திருந்தார்.

பங்குப் பேரவையில் கேட்டோம்.
செயலர் மினிட் புத்தகத்தில்
'இதர விஷயங்கள் பேசப்பட்டன' என்று எழுதினார்.
அதற்கு மேல் வரி: பெருவிழா சீரியல் பல்பு, ஏழாயிரம்.
வீட்டு அழுக்கை வீதியில் துவைக்கலாமா என்றார்.
பீடத்துணி பதினெட்டு வருஷமாக
யார் வீட்டுக் கொடியில் காய்கிறது என்று
அவர் கேட்டதே இல்லை.

மாற்றம் வேண்டும் என்றோம்.
மாற்றல் கொடுத்தார்கள்.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்,
அந்த எழுத்துக்குள் ஓர் ஊர்.
அங்கேயும் பீடத்தில் ஒரு மணி இருக்கும்.
அதை அடிக்க ஒரு பையன் இருப்பான்.

ஆயர் இல்லத்தில் ஃபேன் மெதுவாகச் சுற்றியது.
சேலத்து வெயிலில் ஸ்வெட்டரோடு நின்றோம்.
ஆயர் பயணத்தில். முதன்மைக் குரு கூட்டத்தில்.
'வெச்சிட்டுப் போங்கம்மா, ஜெபிக்கிறோம்.'
ராயப்பன் காபித் தோட்டத்துச் சங்கத்தில் கிடந்து தேறியவர்.
'ஜெபம் நாங்களே பண்ணிக்கிறோம் தம்பி.
நகல்ல ஒரு முத்திரை வைங்க.'
பேடு காய்ந்துவிட்டது என்றான்.
மை வர வியாழன் ஆகும் என்றான்.

ஞானப்பூ அப்போதுதான் எழுந்தாள்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் ஊற்றி,
பேடின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்,
காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து விடுவது மாதிரி.
நீலம் எழுந்து வந்தது.

பெறப்பட்டது.
தேதி சாய்ந்து, முதல் 'ப' பாதி இல்லாமல்.

பெரிதாக ஒன்றும் எழுதிவிடவில்லை.
போலீஸில் நாங்கள் சொல்லிவிட்டோம், நீங்களும் சொல்லுங்கள்.
விசாரிக்கிற இடத்தில் பெண்கள் இருக்கட்டும்,
அங்கி போடாதவர்கள் இருக்கட்டும்.
பையன் பெயரைப் பூசையில் சொல்லி மன்றாட வேண்டாம்.
கடைசி வரி ஞானப்பூ சொன்னது:
'நாங்கள் கோவிலை விட்டுப் போகமாட்டோம்.'
இது வாக்கா, மிரட்டலா என்று ராயப்பன் கேட்டார்.
அவள் பதில் சொல்லவில்லை,
நானும் அடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
ஜெராக்ஸ் கடையில் இன்னொரு பிரதி எடுத்தோம்.
நீலம் கறுப்பாக விழுந்தது, பரவாயில்லை.
மலை வண்டியைப் போகவிட்டு
அடுத்த பிளாட்பாரத்தில் ஏறினோம்.
கண்டக்டரிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன்.
மூணு டிக்கெட்.
'கோவில் ஸ்டாப்பா?' என்றார்.
ஆமாம்,
கோவில் ஸ்டாப்.