வடக்குக்கு ஓர் எழுத்து

பாலக்கோடு சந்தைக்குப் போகும் ரோட்டில் எடைமேடை.
இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை
என் பொறுப்பு.
தக்காளி வண்டி, கரும்பு வண்டி,
எப்போதாவது கல் லாரி ஒன்று வந்து ஏறினால்
கேபின் தரை என் செருப்பு வழியே சொல்லும்.

வண்டி இல்லாத நேரத்தில்
நான் ஒரு குகையில் இருப்பேன்.

போன் விழுந்தது ஆடியில்,
மேடையின் இரும்பு விளிம்பில், முகம் குப்புற.
அதன்பிறகு படம் ஓடும் எந்த விளையாட்டும் ஓடவில்லை.
இது ஓடியது. இதில் எல்லாமே எழுத்து.
"ஈரக் கற்சுவர். கிழக்கே ஒளி. வடக்கே கதவு.
யாரோ இருமுகிறார்கள்."
அவ்வளவுதான் தரும்,
இருட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.
மாதப்பன் அண்ணன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால்
பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்து
டீ சொல்லிவிட்டுப் போவார்.

விரிசல் கீழ்வரிசையில்
ஒரே ஓர் எழுத்தைக் கொன்றிருந்தது.
என்.
எனது என்பதில் வரும் அதே ஓசை.
போனைப் படுக்கவைத்தால் அது வரும், வேறு மூன்று போகும்.
அதைத் தட்டினால்தான் வடக்கே போக முடியும்.

கிழக்கு இருந்தது, மேற்கு இருந்தது, தெற்கு இருந்தது.
வடக்கே இல்லாத ஆள் எவ்வளவு தூரம் போகலாம் என்று
எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு ஒரு வழி.
யாரோ பேசிய சொல்லிலிருந்து அந்த எழுத்தை
அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, ஒட்டி,
ஓர் அறை நகர்வேன்.
அடுத்த வண்டி ஏறும். நம்பரையும் எடையையும்
நகலெடுத்து அண்ணனுக்கு அனுப்பணும்.
அங்கே என் வடக்கு அழியும்.

ஒருமுறை ஓநாய்கள் சூழ்ந்தபோது
தப்பிக்க ஒட்டினேன். போய் விழுந்தது:
டி.என். 29, பதினான்காயிரத்து முந்நூற்று இருபது கிலோ.
"இந்தச் சொல் இங்கே யாருக்கும் தெரியாது" என்றது விளையாட்டு.
ஓநாய்களுக்கும் தெரியவில்லை.
"கரிச்சா இங்கே இறந்து கிடக்கிறாள்."
கரிச்சான் என்றுதான் வைக்க ஆசை. கடைசி எழுத்து கிடைக்கவில்லை.

கேபினுக்குப் பின்னால் முள்வேலி ஓரம்
ஒரு நடுகல் சாய்ந்து நிற்கிறது.
வில்லோடு ஆள் இருக்கிறான், எழுத்து தேய்ந்துபோச்சு.
எனக்கு எழுத்து பளிச்சென்று இருந்தது.
ஆள்தான் இல்லை.

என் சடலத்துக்குப் பக்கத்தில் அன்று நின்றவர்
தன் பெயரை ஈரச்சாம்பல் என்று வைத்திருந்தார்.
எந்த ஊரோ. எனக்கு நடுச்சாமம், அங்கே மதியச் சாப்பாடு.
ஏன் எப்போதும் சுற்றியே வருகிறாய் என்றார்.
இருக்கிற எழுத்துகளைப் பொறுக்கி
"கீ ப்ரோக்" என்றேன்.
பெயர் கேட்டார்.
நவநீதா. அதில் அந்த எழுத்து இரண்டு.
சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை,
ஆங்கிலத்தில் மறுப்பே அதில்தானே தொடங்குகிறது.

அன்றிலிருந்து நான் நுழையும் ஒவ்வோர் அறையிலும்
எனக்கு முன்னால் போய் நின்று
வேறொன்றும் பேசாமல்
அந்த ஓர் எழுத்தை மட்டும்
தனி வரியாகப் போட்டு வைத்திருப்பார்.
சண்டை நடுவிலும். ரத்தம் குறைந்துகொண்டிருக்கும்போதும்.
மற்றவர்கள் சிரித்தார்கள்.

தக்காளி கிலோ நான்கு ரூபாய்க்கு விழுந்த வாரம்
வந்ததே இரண்டு வண்டி.
எடை பார்த்து, திரும்பிப் போய், ஏரிக்கரையில் கொட்டின.
அந்த ஏழு இரவும் நாங்கள் வடக்கே போய்க்கொண்டே இருந்தோம்.
பனி வந்தது. எழுத்தில் வந்த பனி.
நான் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

போன செவ்வாய், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே
நவாஸ் கடையில் ஆயிரத்து முந்நூற்றைம்பது கொடுத்து
டிஸ்ப்ளே மாற்றினேன்.
பஸ்ஸிலேயே என் பெயரை முழுசாகத் தட்டி
எனக்கே அனுப்பிக்கொண்டேன்.

ராத்திரி உள்ளே போனேன். பனிப்பாலம்.
அந்த வரி வந்து காத்துக்கொண்டிருந்தது.

கட்டைவிரல் புது எழுத்தின் மேல் இருந்தது.
எடுத்துவிட்டு
அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, ஒட்டினேன்.

வெளியே ஹாரன்.
ஒரு நிமிஷம்ணா என்றேன்.
வடக்கே ஒருத்தர் நிற்கிறார் என்று
சொல்லவா முடியும்.