ஒன்பதாவது ஆல்பம், மறுபதிப்பு

கோட்கா துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து
காலை ஏழுக்கு உறையைப் பிரிக்கிறேன்.
முப்பத்தேழு யூரோ.
தொண்ணூற்றிரண்டில் இதே தட்டை
ஒருமுறை கேட்டுவிட்டு
பழைய தட்டுக்கடை பெர்ட்டியிடம் தள்ளிவிட்டேன்,
ஒரு பீருக்கான காசுக்கு.

“கிழவனுக்கு மூச்சு வாங்குது” என்றேன் அவரிடம்.
எனக்கு இருபது.
பாடகன் வெய்க்கோவுக்கு நாற்பத்தாறு.

உள்ளே ஒரு சிறு புத்தகம்.
நால்வரில் இருவர் பெயருக்குப் பக்கத்தில்
இரண்டு ஆண்டுகள், நடுவே சின்னக் கோடு.
மூடி வைக்கிறேன்.

ஊசி இறங்குகிறது.
சேற்றுக்குள் கிடந்த பேஸ் கிட்டார்
எழுந்து வந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது.
மூன்றாம் பாட்டில், டிரம் தொடங்குமுன்
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்.
அன்று இது கேட்கவேயில்லை.

உச்சத்தை அவன் எட்டவில்லை,
இன்றைக்கும்தான்.
எவ்வளவோ துலக்கியவர்கள்
அதை மட்டும் தொடவில்லை.
ஏறுவதுபோல் ஏறி
பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
மிச்சத்தை அங்கிருந்தே சொல்லிவிடுகிறான்.

எனக்கு ஐம்பத்திரண்டு.
கிரேன் ஏணியை
முழங்கால் எண்ணி எண்ணி ஏறுகிறது.
அவனுக்கு இன்னும் நாற்பத்தாறு.
தம்பி,
மூச்சு வாங்கிக்கொண்டே பாடு.
எனக்கு மாலைவரை வேலையில்லை.

மேல்வீட்டு ஹில்க்கா
துடைப்பக்கட்டையால் தரையை இடிக்கிறாள்.
இரண்டு இடி. தாளத்தில் விழவில்லை.
ஒலியைக் குறைக்கிறேன்.
பிறகு ஊசியைத் தூக்கி
அந்த நாற்காலி நகரும் இடத்தைத் தேடுகிறேன்.