நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

குடியாத்தம் கல்யாண மண்டபம்.
மூன்றாம் பந்திக்கு
வெள்ளைக் காகிதச் சுருளை
மேசை நெடுக உருட்டிப் போகிறான் ஒரு பையன்.
இடுப்பில் செருகிய கைபேசி அதிர்கிறது.

"மேடம், நாலாயிரத்து நானூறு ஸ்ட்ரோக் முடிஞ்சிருச்சு.
பிளக் உட்காரல.
நிறுத்தவா, ஓட்டவா?"

இசக்கிராஜ். காவிரிப் படுகையில்
ஆயிரத்து எண்ணூறு மீட்டர் குழாய்க்குள்
சிமெண்டைத் தள்ளிக்கொண்டிருப்பவன்.

விட்டால் குழாய்க்குள்ளேயே இறுகும்.
மிஞ்சினால், அடியில் பிடிக்க வேண்டியதைச்
சேறு அலசிவிடும்.

"ஒரு நிமிஷம் நிறுத்து. லைன்லயே இரு."

மொய் எழுதுகிறவரின் பேனாவைப் பிடுங்கி வந்து
மேசைக் காகிதத்தில் போட்டேன்:
லைனர் ஆறு அங்குலம், வீச்சு பன்னிரண்டு, உருளை மூன்று.
ஒரு ஸ்ட்ரோக்குக்குப் பதினாறே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு.
அது காகிதத்தில் ஓடும் பம்பு.
இரும்பில் ஓடுவது வேறு.
வால்வு மூடுமுன் கொஞ்சம் பின்வாங்கும்,
ரப்பர் தேய்ந்த இடத்தில் கொஞ்சம் நழுவும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று
தாளில் போட்டவள் நான்தான்.
செவ்வாய்க்கிழமை தொட்டி வைத்து அளந்தபோது
தொண்ணூற்றைந்துதான் வந்தது.
பார்த்தேன்.
திருத்துவதற்குள்
காட்பாடி வண்டிக்கு நேரமாகிவிட்டது.

இரண்டே இரண்டு.
தள்ள வேண்டிய எழுபத்தோராயிரத்து நூற்றுத் தொண்ணூறு லிட்டரில்
அந்த இரண்டு
குழாய்க்குள் முப்பத்தாறு மீட்டர்.
இந்தப் பந்தி மேசையே அவ்வளவு நீளமில்லை.

"இசக்கி, தப்பு என்னுது.
தொண்ணூத்தஞ்சு போட்டுப் பார்.
இன்னும் தொண்ணூத்திரண்டு. மெதுவா, முப்பதுல ஓட்டு.
அதுக்கு மேல ஒண்ணு கூட வேணாம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பம்பு மட்டும் பேசத் தொடங்கியது.

மூன்று நிமிஷம்.
மேடையிலிருந்து தம்பி
போட்டோவுக்குக் கையசைக்கிறான்.
எதிரே வந்தமர்ந்த பேர்ணாம்பட்டுச் சொந்தம் ஒருவர்
தலைகீழாக எண்களைப் படித்துவிட்டு,
"எழுபத்தோராயிரமா? நல்ல மொய்தான்" என்கிறார்.
கணக்கின் மேல் இலை விழுகிறது.
தெளித்த தண்ணீர் ஓரத்தில் வழிந்து
ஐந்தின் வாலை நீலமாக ஊற வைக்கிறது.
முள்ளுக் கத்திரிக்காய்க் கூட்டு வந்துவிட்டது.

"எண்பத்தேழுல பிரஷர் ஏறிருச்சு மேடம்!
உட்கார்ந்துருச்சு!"

புடவைக்குள் வியர்வை
அப்போதுதான் தெரிந்தது.

"மேடம், ரிப்போர்ட்டுல
காரணம்னு ஒரு கட்டம் இருக்கு.
லைனர் தேய்மானம்னு எழுதிறவா?"

மொய்க்காரர் பேனா கேட்டுப் பின்னால் நிற்கிறார்.

"தேய்மானம் செவ்வாய்க்கிழமையே தெரியும்னு எழுது.
கே. குணவதின்னு எழுது.
இனிஷியலோட."