இரண்டாவது டின்

பாடாங் செராய் சாயக் கடையில்
ஆ சூன் அட்டையை விசிறிபோல் விரித்தான்.
என் விரல் நின்ற கட்டத்தைப் பார்த்து
"ஹிஜாவா அக்கா, பீருவா?" என்றான்.
இரண்டும் இல்லை என்றேன்.
"அப்ப நம்பர்தான் பேரு" என்றான்,
தோட்டத்துக்காரர்களிடம் கடன் வசூலித்துப் பழகிய தமிழில்.

எழுபது நாற்பத்திரண்டு.
வெள்ளைக்குள் மூன்று சொட்டுப் பச்சை,
ஐந்து சொட்டு நீலம்,
ஒரு சொட்டுக் கறுப்பு.
கறுப்பு எதற்கு என்று கேட்டேன்.
"இல்லாட்டி ரொம்பச் சிரிக்கும்."
இயந்திரம் டின்னைப் பிடித்து
சாமி வந்தவளைப்போல் உலுக்கியது.

குணாளன் கிரீம் என்றுதான் சொல்லியனுப்பினார்.
எங்கள் தாமானில் இருபத்தாறு வீடும் கிரீம்.
தோட்டத்து வீட்டில் நிர்வாகம் அடித்தது சுண்ணாம்பு,
தரையிலிருந்து முழங்கால்வரை தார்.
பிறந்தது, வயசுக்கு வந்தது, பெண் பார்த்தது
எல்லாம் அதே சுவருக்கு முன்னால்.
என்ன நிறம் வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தாலும் முழித்திருப்போம்.
எங்களுக்கு நிறம் என்றால் தீபாவளிப் புடவை.

அவர் கூலிம் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும்
கட்டிலை நடு அறைக்கு இழுத்தேன்.
பழைய நாளிதழ்களை விரித்தேன்.
யாரோ ஒரு மந்திரியின் நெற்றியில்
முதல் சொட்டு விழுந்தது.

ஈரத்தில் வாத்து முட்டை ஓடு மாதிரி இருந்தது.
காயக் காய வேறு.
புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்பின் ஓரத்தில்
பூக்குமே களிம்பு,
அதில் ஒரு குவளை பால் ஊற்றியதைப்போல.
பத்து மணிக்கு நீலம்.
மூன்று மணிக்கு மேல்
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் செம்பனை வரிசை
தன் பச்சையையும் கொண்டுவந்து பூசியது,
கூலி கேட்காமல்.

மூன்றாம் சுவரின் பாதியில் டின் தீர்ந்தது.
மோட்டாரில் ஓடினேன்.
அதே எண், அதே இயந்திரம், அதே ஆ சூன்.
இரண்டாவது டின் மட்டும்
ஒரு மூச்சு அளவு பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது.
சுவரில் நெடுக ஒரு கோடு.
தெரிந்தவருக்குத்தான் தெரியும்,
பல் கட்டியவள் சிரிப்பைப்போல.

கஸ்தூரி அக்கா வீடியோவில் பார்த்தாள்:
"என்னடி, கிளினிக் மாதிரி?"
இரவு அவர் வந்தார்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
அறை வாசலில் நின்றார்.
"ஆஸ்பத்திரியா இது?"

ஆமாம் என்று சொல்லவில்லை.
பித்தப்பைக் கல் எடுக்கப் போய்
நான்கு நாள் கிடந்தேனே,
கட்டிலுக்கு எதிரே இந்த நிறம்தான்.
பட்டப்பகலில் படுத்திருந்தேன்.
பசியாறியாச்சா என்று என்னை ஒருத்தி கேட்டாள்.
என் சட்டை எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
வெட்டிய இடம் வலித்தது,
அதுகூட என் சொந்த வலியாக இருந்தது.
ஐந்தாம் நாள் கார் வந்துவிட்டதென்று கூப்பிட்டபோது
நான் திரும்பிப் பார்த்தது
அந்தச் சுவரை.

இதை எப்படி எடுத்து வைப்பது,
அதுவும் சோறு ஆறும் நேரத்தில்?
"மலிவு விற்பனை" என்றேன்.
"மலிவுன்னா சரி" என்று உட்கார்ந்தார்.
நெத்திலிச் சம்பலை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

படுத்தபின் காற்றாடியைப் பார்த்தார்.
சுவரைப் பார்த்தார்.
"அங்க ஒரு கோடு தெரியுதே."
எழுந்துபோய்
தொடாமல், விரலை மட்டும் அதன்கூடவே ஓட்டினார்,
மேலிருந்து கீழே, மறுபடி மேலே.
"எது முதல் டின்?"
சொன்னேன்.
சாயம் இன்னும் லேசாக மணத்தது.
விளக்கை அணைக்கப் போனேன்.
"இரு" என்றார்.