நிற்கும்போதும் இருபது

அனிஞ்சியன்குளம் தாண்டிய பள்ளத்தில்
முள்ளு ஒருக்காத் துடித்தது,
பிறகு சுழியத்தில் விழுந்து படுத்துவிட்டது.
கீழே இலக்கமும் நின்றது:
நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
மோட்டார் சைக்கிள் மட்டும் போய்க்கொண்டிருந்தது,
பின் கரியரில் நைதரசன் குடுவையோடு.

விடிய நாலரைக்குப் பூலோகசிங்கத்தார் போன் எடுப்பார்.
"பிள்ளை, கத்துது."
எந்த மாடு என்று நான் கேட்பதில்லை.
எத்தனை கிலோமீற்றர் என்று
கந்தோரில் தவநேசன் கேட்பார்.
புறப்பட்ட வாசிப்பு, திரும்பிய வாசிப்பு,
கழித்து வந்தால்தான் பெற்றோல் காசு.
மூன்று கிழமையாகக் கழித்தால் சுழியம்.
"அப்ப நீங்கள் ஒரு இடமும் போகேல்லையோ தங்கச்சி?"
பாண்டியன்குளத்தில் ஐந்து கன்று பிறக்கும்,
வந்து சாட்சி சொல்லும் என்றேன்.
ஒன்பது மாதம் கோப்பைத் திறந்து வைக்கேலாதாம்.

அருளப்பு கராஜைப் பூட்டிவிட்டு
மடுத் திருவிழாவுக்குப் போயிருந்தார்.
போனில் அவருக்குப் பின்னால் செபமாலை,
லவுட்ஸ்பீக்கரில்.
"முள்ளும் இலக்கமும் சேந்து நிண்டால் பிழை கீழ.
இலக்கம் ஓடி முள்ளு நிண்டால் பிழை மேல.
முதல்ல கேபிளைக் கழட்டுங்கோ.
அருள் நிறைந்த மரியே... ஓம், கழட்டுங்கோ."

கட்டை வைத்து முன்சில்லைத் தூக்கிச் சுழற்றினேன்.
உள்கம்பி அசையவில்லை.
உருவினேன்.
கறுத்த கிறீஸோடு முழுசாக வந்தது.
அறுந்திருந்தால் கேபிள் விலையோடு போயிருக்கும்.
சில்லைக் கழற்றினேன்.
உள்ளே வெள்ளை நைலோன் பற்சில்லு,
பல்லெல்லாம் தேய்ந்து
கைக்குழந்தையின் முரசு மாதிரி.

வவுனியாவில் சொல்லி
கடைசி பஸ் கொண்டக்டர் கையில் வந்தது புதுசு,
பேப்பரில் சுற்றி, ஒரு பெருவிரல் அளவு.
பூட்டி ஓடினேன்.
இலக்கம் அசைந்தது.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
பாதி பாதியாய்த் தெரிந்த அந்த இலக்கத்தை
நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்தேன்.

முள்ளும் எழும்பி இருபதுக்குப் போனது.
அங்கேயே இருந்தது.
நாற்பதில் ஓடினாலும் இருபது,
நிறுத்தினாலும் இருபது.
திறப்பை எடுத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
பாலைமர நிழலில் ஒற்றைக்காலில் சாய்ந்தபடி
மணிக்கு இருபது கிலோமீற்றரில்
அது போய்க்கொண்டிருந்தது.

பிழை மேல.
கண்ணாடி வளையத்தை நெம்பினேன்.
குளவி மண்.
பல்ப் கழன்ற ஓட்டையால் புகுந்து
முள்ளின் அடிவரை கட்டியிருக்கிறது.
உடைத்த அறையில் ஒரு பச்சைப் புழு,
சாகவும் இல்லை, ஓடவும் இல்லை.
அதை வாழையடியில் போட்டேன்.
மயிரிலும் மெல்லிய சுருள்கம்பியைச் சுற்றி
ஊசியால் மண் கிளறினேன்.
மாட்டின் வயிற்றுக்குள்
காணாத இடத்தைத் தடவிப் பிடிக்கிற விரல்,
அதற்குத் தெரியும் எங்கே நிற்பது என்று.

"மூண்டு கிழமையையும் உத்தேசமா நிரப்புங்கோ" என்றார் தவநேசன்.
உத்தேசம் வேண்டாம்,
இந்த றோட்டின் நீளம் எனக்குத் தெரியும்.
பதினாறு வயதில் ஒருதரம்
கட்டையிலிருந்த கன்றை அவிழ்த்துவிட்டு
நடந்து போயிருக்கிறேன்.
புறப்பட்ட வாசிப்பு இல்லை.
திரும்பியபோது கட்டை மட்டும் இருந்தது.
அதற்குப் படிவத்தில் நிரல் இல்லை.
இருபத்தொரு நாளை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இப்போது நிறுத்தினால் சுழியத்துக்கு வருகிறது,
கொஞ்சம் யோசித்து.
மடுவால் வந்த அருளப்பு ஓடிப் பார்த்துவிட்டு
ரெண்டு கூடக் காட்டுது என்றார்.
மண் எங்கோ மிச்சமிருக்கும்.
இருக்கட்டும்.

நாலு இருபது.
போன்.
"பிள்ளை, கத்துது."
டோர்ச்சைப் பிடித்துக் கண்ணாடியைத் துடைத்து
எழுதுகிறேன்:
நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று,
அரை.