நான்கு நிமிடப் பாட்டு

எரோலுக்கு அணுகுண்டு பயம் வந்தது
பர்மா பஜாரில், முப்பது ரூபாய் கேசட்டோடு.
உறையில் காளான் மேகம்.
உள்ளே பாட்டு வரிகளில் பாதி ஈரம்பட்டு அழிந்திருந்தது.
மீதியை நாங்களே எழுதிக்கொண்டோம்.

பெரம்பூர், எண்பத்து நாலு, மே மாதம்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியில் ஒத்திகை.
சைரன் ஊதினால் நான்கு நிமிடம்தான் மிச்சமாம்,
எங்கோ படித்திருந்தான்.
அதனால் பாட்டும் நான்கே நிமிடம்.
எனக்குக் கிடைத்தது கடைசி வரி:
யாராவது அடுப்பை அணையுங்கள்.

"அடுப்பா? டாஃப்னி, அதை இன்னும் கத்திப் பாடு."

இருதயராஜுக்குச் சிரிப்பு.
டிரம்ஸ் அவன். கல்பாக்கத்தில் ஷிப்ட் ஃபிட்டர்.
ஒருநாள் சட்டைப் பையில் குத்திய பேட்ஜைக்
கழற்ற மறந்து வந்துவிட்டான்.
"இது எதுக்கு?"
"எம்மேல எவ்ளோ பட்டுச்சுன்னு கணக்கு வச்சுக்கும்."
"எவ்ளோ பட்டுச்சு?"
"இதுவரைக்கும் சைபர்" என்று
குச்சியால் அதை ஒரு தட்டு தட்டினான்.
எரோல் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்தான்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மூன்றாவது நிமிடத்தில்
சைரன் ஊதியது.

ஒர்க்ஷாப் சைரன்தான். தினமும் கேட்பதுதான்.
ஆனாலும் எரோலின் விரல் கம்பியிலேயே நின்றது,
என் வாயில் அடுப்பு என்ற சொல் பாதியில்.
கீழே தெரு கொள்ளாத சைக்கிள்கள்,
ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டு காலி டிபன் கேரியர்கள்,
யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார்.

இருதயராஜ் மட்டும் நிறுத்தவில்லை.
பேட்ஜ் நெஞ்சில் குதிக்கக் குதிக்க
அடித்துக்கொண்டே இருந்தான்,
நான்காவது நிமிடம் தாண்டியும்.